வாசலில் சொல்லும் பொய்

மேற்கு ஐரோப்பாவைக் காரில் சுற்றிப் பார்க்கும் ஆசை இப்போது வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அதிசயமான ஒன்றல்ல. பாரிஸில் தம்பி, சூரிச்சில் மைத்துனர், ஸ்டுட்கார்ட்டில் பெரியம்மாவின் மகள் என்று உறவுகள் சிதறிப் போயிருக்கும் குடும்பங்களில் அந்த ஆசை பிறப்பது இயல்பு. ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியே விமானம் ஏறுவதிலும், ஒரு காரை எடுத்துக்கொண்டு எல்லா வீட்டு வாசலிலும் இறங்கி ஏறுவது மலிவு; மகிழ்ச்சியும் அதிகம்.

எனக்குத் தெரிந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இப்படியொரு பயணத்துக்குத் திட்டம் போட்டார். யாழ்ப்பாணத்தவர், முப்பது வருடங்களாக வெள்ளவத்தை வாசி. வரைபடங்களில் எனக்குள்ள பைத்தியம் அவருக்குத் தெரியும் என்பதால் என்னை அழைத்தார். இருவரும் ஒரு கொப்பியில் எழுதினோம்: பாரிஸ், பாசல், சூரிச், ஸ்டுட்கார்ட், கொலோன், பிறகு ஜேர்மனியும் பெல்ஜியமும் நெதர்லாந்தும் ஒரே புள்ளியில் சந்திக்கும் வால்ஸ் குன்று, பிரஸல்ஸ், மீண்டும் பாரிஸ். ஐந்து நாடுகள், ஏறத்தாழ 1,800 கிலோமீற்றர். பிரான்சின் நெடுஞ்சாலைகளில் சுங்கவரி. சுவிற்சர்லாந்தின் நெடுஞ்சாலைகளில் ஓடுவதற்கு 40 பிராங்க் கொடுத்து ஆண்டு முழுமைக்கும் ஒரு வில்லை வாங்க வேண்டும். ஒரே நாள் ஓடினாலும் அதே விலைதான். வீதியின் வலப்பக்கம் ஓட்டிப் பழகியிருக்க வேண்டும். சர்வதேச சாரதி அனுமதிப்பத்திரத்தைக் கொழும்பு 3 இல் உள்ள ஓட்டோமொபைல் அசோசியேஷனில் எடுக்கலாம். அது இருக்கும் வீதிக்குச் சேர் முஹம்மத் மாக்கான் மாக்காரின் பெயர். 1931 இன் அமைச்சரவையில் போக்குவரத்துக்கும் பொது வேலைகளுக்கும் பொறுப்பாக இருந்தவர் அவர். அந்த வீதிக்கு வேறு யார் பெயரை வைப்பது!

எல்லைகளைப் பற்றி எழுத எதுவும் இருக்கவில்லை. பாசலில் எந்த இடத்தில் பிரான்ஸ் முடிகிறது என்று மாஸ்டர் கேட்டார். தெருப் பலகையின் நிறம் மாறும் இடத்தில் என்றேன். அவர் சற்று நேரம் பேசவில்லை.

ஏன் பேசவில்லை என்பது நமது நாட்டில் அந்த வருடங்களை வாழ்ந்தவர்களுக்குப் புரியும். 1985 ஜூன் 14 இல், மோசெல் நதியில் ஷெங்கன் என்ற திராட்சைத் தோட்டக் கிராமத்துக்கு அருகே நின்ற ஒரு கப்பலில், ஐந்து நாடுகள் தமக்கிடையிலான சோதனைச்சாவடிகளைப் படிப்படியாக நீக்குவதென ஒப்பமிட்டன. அதனை நிறைவேற்றும் உடன்படிக்கை 1990 ஜூன் 19 இல் கைச்சாத்தானது. அந்த ஜூன் மாதத்தில்தான் இங்கே இரண்டாம் கட்டப் போர் தொடங்கியது. 1995 மார்ச் 26 இல் அங்கே சாவடிகள் உண்மையாகவே எடுக்கப்பட்டன. அடுத்த மாதம் இங்கே மூன்றாம் கட்டப் போர். அவர்கள் ஐந்து நாடுகளை ஒன்றாக்கிக்கொண்டிருந்த அதே காலத்தில் நாம் ஒரு நாட்டுக்குள்ளே ஓமந்தை, புளியங்குளம், பளை, முகமாலை என்று வாசல்களைக் கட்டிக்கொண்டிருந்தோம். 2002 இல் ஏ-9 வீதி திறக்கப்பட்டபோது அதில் பயணித்தவர்களுக்கு நினைவிருக்கும்: இராணுவச் சாவடியில் இறங்கி, பையைத் திறந்து காட்டி, நடந்து, புலிகளின் சாவடியில் மீண்டும் இறங்கி, மீண்டும் திறந்து காட்டி. 2006 ஆகஸ்ட்டில் அதுவும் மூடுண்டது.

எங்கே போகிறாய், ஏன் போகிறாய், எப்போது திரும்புவாய். எந்த மொழியில் கேட்டாலும் வாசலில் கேட்கப்படும் கேள்விகள் இவை மூன்றுதான். வெள்ளவத்தை லொட்ஜ்களில் தங்கியிருந்தவர்கள் பொலிஸ் பதிவின்போது இவற்றுக்கே விடை சொன்னார்கள். 2007 ஜூன் 7 அதிகாலையில் அந்த விடைகள் போதாதென்று தீர்மானிக்கப்பட்டது. கொட்டாஞ்சேனை, வெள்ளவத்தை, புறக்கோட்டைப் பகுதிகளின் லொட்ஜ்களிலிருந்து 376 தமிழர் பஸ்களில் ஏற்றப்பட்டு வவுனியாவுக்கும் கிழக்குக்கும் அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர்நீதிமன்றம் அதற்குத் தடை விதித்தது. அவர்களுள் வெளிநாடு போவதற்கான கடதாசி வேலைக்காகக் கொழும்பு வந்து தங்கியிருந்தவர்களும் இருந்தார்கள்.

வடக்கு முஸ்லிம்களிடம் அந்த மூன்று கேள்விகளும் கேட்கப்படவே இல்லை. 1990 ஒக்டோபர் 30 இல் யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவாருக்கு இரண்டு மணித்தியாலம் கொடுக்கப்பட்டது. எங்கே போவாய் என்று யாரும் விசாரிக்கவில்லை. எப்போது திரும்புவாய் என்று விசாரிக்க அவசியமும் இருக்கவில்லை. திரும்பக்கூடாது என்பதே கட்டளை. வடமாகாணம் முழுவதிலுமாக ஏறத்தாழ 75,000 பேர். மன்னாரிலிருந்து பலர் கடல் வழியாகக் கற்பிட்டிக்கு வந்தார்கள். பயணத்தைத் திட்டமிடுவதென்பது நாளைக்கும் இந்த வீதி இருக்கும், நாளைக்கும் இந்த வீட்டுக்கு நான் திரும்புவேன் என்ற நம்பிக்கையின் மேல் நடக்கும் காரியம். அந்த நம்பிக்கையை ஒருமுறை இழந்தவர் கொப்பியில் ஊர்ப் பெயர்களை எழுதும்போது கை சற்றுத் தயங்கத்தான் செய்யும்.

ஆனால் நான் எழுத வந்தது தயக்கத்தைப் பற்றியல்ல, பொய்யைப் பற்றி.

ஐந்து நாட்டுக்கும் ஒரே வீஸா போதும். விண்ணப்பக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்புறுதி வேண்டும். எந்த நாட்டில் அதிக இரவுகள் தங்குவீர்களோ அந்த நாட்டின் தூதரகத்துக்கே விண்ணப்பிக்க வேண்டும். தங்குமிடங்களும் வங்கிக் கணக்கும் காட்ட வேண்டும். மாஸ்டர் ஒரு முகவரிடம் போனார். முகவர் கெட்ட மனிதரல்ல, தொழில் தெரிந்தவர். அவர் மூன்று யோசனை சொன்னார். ஹோட்டல்களைப் பதிவு செய்து, வீஸா கிடைத்ததும் இரத்துச் செய்யலாம். ஓய்வூதியக் கணக்கு மெலிவாக இருப்பதால் சில இலட்சங்களை ஒரு மாதத்துக்குக் கைமாற்றாக வாங்கிக் கணக்கில் போட்டு வைக்கலாம். மைத்துனர் இருக்கும் நாடு கடுமை என்பதால், அங்கே தங்கும் எட்டு இரவுகளை இரண்டாகக் குறைத்து எழுதி, இலகுவாகக் கொடுக்கும் இன்னொரு தூதரகத்துக்குப் போகலாம். உள்ளே போய்விட்டால் எங்கே படுத்தீர்கள் என்று யார் பார்க்கப் போகிறார்கள்?

இதை மாஸ்டர் என்னிடம் வந்து சொன்னார். "தம்பி, உங்கட மார்க்கத்தில இதுக்கு என்ன சொல்லுவினம்?" என்று கேட்டார். ஆலிம் அல்லாத என்னிடம் கேட்கத் தகாத கேள்வி. ஆனாலும் பல நாள் என்னை விடாமல் துரத்திய கேள்வி.

எல்லாரும் செய்கிறார்கள் என்ற வாதத்தை நான் பொருட்படுத்தவில்லை. அதைவிடக் கனமான வாதம் ஒன்றுண்டு: கதவே அநியாயமானது. லக்ஸம்பேர்க்காரர் இணையத்தில் ஒரு படிவத்தை நிரப்பிவிட்டுக் காலி வீதியில் வந்து இறங்குகிறார். வெள்ளவத்தைக்காரர் ஐரோப்பாவுக்குள் நுழையாமல் ஒரு விமான நிலையத்தில் விமானம் மாறுவதற்கே, இடைத்தங்கல் வீஸா கேட்கப்படும் நாட்டவர் பட்டியலில் நிற்கிறார். இருவருக்கும் இடையே உள்ள வேறுபாடு பிறந்த இடம் மட்டுமே. அது எவருடைய நற்செயலுமல்ல, குற்றமுமல்ல. நம்மைக் குற்றவாளியாக வைத்துத் தொடங்கும் விசாரணைக்கு உண்மை சொல்லும் கடமை நமக்கு ஏது?

கதவு அநியாயமானது என்பதை நான் ஏற்கிறேன். வழிப்போக்கர் என்றாலே சந்தேகத்துக்குரியவர் என்ற எண்ணம் நமது மரபில் இல்லை. ஸகாத் பெறத் தகுதியான எட்டு வகையினரில் வழிப்போக்கரையும் குர்ஆன் வைத்திருக்கிறது. ஊரில் அவர் செல்வந்தராயினும் வழியில் தேவையுற்றால் அவருக்கு உரிமை உண்டு. பிரயாணிக்குத் தொழுகையே சுருக்கப்படுகிறது. 1344 இல் இப்னு பதூதா புத்தளத்தில் கரையிறங்கியபோது அவரை வரவேற்றவர் ஆரியச் சக்கரவர்த்தி, யாழ்ப்பாண அரசர். பாவா ஆதம் மலைக்குப் போக வேண்டும் என்ற அந்நியருக்கு அவர் பல்லக்கும் வழித்துணைக்கு ஆட்களும் கொடுத்தனுப்பினார். அறுநூற்றைம்பது வருடங்கள் நெருங்கும் வேளையில் யாழ்ப்பாணத்திலிருந்து துரத்தப்பட்ட முஸ்லிம்கள் வந்து ஒதுங்கியதும் அதே புத்தளத்தில் என்பதை இங்கு சொல்லாமல் விட முடியவில்லை.

பொய் ஆகும் சந்தர்ப்பங்கள் உண்டு என்பதையும் ஏற்கிறேன். எண்பதுகளில் ஜேர்மனிக்குப் போன நமது பையன்கள் பலர் கிழக்கு பெர்லினின் ஷோனஃபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, நகர ரயிலில் மேற்கு பெர்லினுக்குள் நுழைந்தார்கள். பெர்லினைப் பிரித்த கோட்டை ஒரு நாட்டு எல்லையாக மேற்கு ஒப்புக்கொள்ளவில்லை. ஆகவே அங்கே கடவுச்சீட்டைப் பார்க்கவும் அதனால் முடியவில்லை. 1986 ஒக்டோபரில் அந்த வழி அடைக்கப்பட்டது. அதன் பிறகு லொறிகள், கார்களின் பின்பெட்டிகள், இராக்காட்டுப் பாதைகள், வேறொருவரின் கடவுச்சீட்டு. அவர்கள் சொன்ன பொய்களை நான் குறை சொல்ல மாட்டேன். உயிர் போகும் நிலையில் விலக்கப்பட்டதும் ஆகுமாகிறது என்பது ஃபிக்ஹின் அரிச்சுவடி. ளரூரத் என்ற சொல்லை அதற்காகவே வைத்திருக்கிறோம். இன்று மாஸ்டர் விடுமுறைக்காக ஓடப்போகும் அதே வீதியில்தான் அவருடைய மைத்துனர் அன்று ஒரு தார்ப்பாய்க்குக் கீழே மூச்சை அடக்கிக்கொண்டு போனார்.

ஆனால் வால்ஸ் குன்றில் நின்று படம் எடுப்பது ளரூரத் அல்ல. இங்கேதான் நான் முகவரிடமிருந்து பிரிகிறேன். அகதி சொல்லும் பொய்யும் உல்லாசப் பயணி சொல்லும் பொய்யும் ஒரே வாசலில், ஒரே முகச்சாயலோடு சொல்லப்படுகின்றன. வாசலில் இருப்பவருக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கும் கண் கிடையாது. எங்கள் இரவல் வைப்புப் பணத்தையும் போலி ஹோட்டல் பதிவையும் அவர் ஒருமுறை கண்டுபிடித்தால், அந்தக் கணக்கு எங்கள் பெயரில் மட்டும் எழுதப்படுவதில்லை. அடுத்து அதே தெருவிலிருந்து தகப்பனின் மையித்துக்குப் போக வரும் பையனின் பெயரில், அதற்கடுத்து உண்மையாகவே உயிருக்குப் பயந்து ஓடும் ஒருவரின் பெயரில் அது எழுதப்படுகிறது. அநியாயமான கதவை நம் பொய் உடைப்பதில்லை. அதன் தாழ்ப்பாளை இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டு, நம்மை மட்டும் உள்ளே விடுகிறது.

இதனை நாம் நமது சமூகத்திலேயே பார்த்திருக்கிறோம். 2009 க்குப் பிறகு வடக்கு முஸ்லிம்கள் மீளத் திரும்பத் தொடங்கியபோது, புத்தளத்திலும் வடக்கிலும் இரட்டைப் பதிவு வைத்திருக்கிறார்கள், வீட்டுத்திட்டத்துக்காக வருகிறார்கள் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. அதில் மிகை நிறைய. ஆனால் முற்றாக ஆதாரமற்றது என்று நாம் நெஞ்சில் கைவைத்துச் சொல்வோமா? அதன் விலையைக் கொடுத்தவர் யார்? பாட்டனின் காணி உறுதியைப் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து இருபது வருடம் காத்த மனிதரும் காரியாலய வாசலில் சந்தேகத்தோடு பார்க்கப்பட்டார்.

மாஸ்டரிடம் இதையெல்லாம் சொன்னபோது அவர் மறுத்தார். மறுப்பில் நியாயம் இருந்தது. மைத்துனருக்குச் சிறுநீரகம் பழுது. வாரத்தில் மூன்று நாள் இரத்தச் சுத்திகரிப்பு. சென்னைக்கு வா, அங்கே சந்திப்போம் என்று சொல்லக்கூடிய நிலையில் அவர் இல்லை. மாஸ்டரின் மனைவி தன் அண்ணனைக் கண்டு இருபத்திரண்டு வருடம். "இதுவும் உல்லாசமோ?" என்று கேட்டார். இல்லை. உறவைச் சேர்ந்து வாழ்வது எங்களிடமும் கடமைதான். ஸிலத்துர் ரஹ்ம் என்பது அலங்காரப் பேச்சல்ல. அப்படியானால் அதையே எழுதுங்கள் என்றேன். ஐந்து நாட்டுச் சுற்றுலாவுக்குப் பின்னால் அந்த அண்ணனை ஏன் ஒளித்து வைக்க வேண்டும்?

எழுதினார். இருக்கும் பணத்தைக் காட்டினார். எட்டு இரவை எட்டாகவே எழுதி, உரிய தூதரகத்துக்கே கொடுத்தார். ஐந்து நாட்டுப் பயணத் திட்டத்தையும் உள்ளபடி இணைத்தார். மூன்றாவது வாரம் கடவுச்சீட்டு திரும்பி வந்தது. நிராகரிப்புக் கடிதத்தில் அச்சிட்ட காரணங்களில் ஒன்றுக்கு எதிரே அடையாளமிடப்பட்டிருந்தது: திரும்பிச் செல்வார் என்பதில் நியாயமான ஐயம் உண்டு. எழுபத்தொரு வயது ஓய்வூதியர் ஒருவர் வெள்ளவத்தை மாடிவீட்டை விட்டு அங்கே ஒளிந்து வாழப் போகிறார் என்பது அதன் பொருள்.

"முகவர் சொன்னபடி செய்திருந்தால் கிடைச்சிருக்கும், என்ன?" என்று அவருடைய மனைவி என்னைப் பார்த்தே கேட்டார். கிடைத்திருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. உண்மைக்கு உடனடிக் கூலி கிடைக்கும் என்று அவர்களுக்கு நான் வாக்களித்திருக்கவுமில்லை. ஆனாலும் அந்தப் பார்வைக்கு முன்னால் என் தர்க்கம் முழுவதும் வெளியில் நிற்கும் ஒருவரின் தர்க்கமாகவே பட்டது. நான் இழந்தது ஒன்றுமில்லை; அவர் இழந்தது ஒரு முகம்.

இன்றைய ஷெங்கன் நாங்கள் கொப்பியில் கற்பனை செய்த அளவுக்குத் திறந்த வெளியுமல்ல. 2015 நவம்பர் தாக்குதல்களுக்குப் பின் பிரான்ஸ் தன் எல்லைச் சோதனையை மீண்டும் மீண்டும் நீடித்தது. 2024 செப்டெம்பரில் ஜேர்மனி தன் தரை எல்லைகள் அனைத்திலும் சோதனையைக் கொண்டுவந்தது. எல்லாக் கார்களையும் நிறுத்துவதில்லை. யாரை நிறுத்துகிறார்கள் என்று அங்குள்ள உறவினர்களைக் கேட்டால் சிரிக்கிறார்கள். கொழும்பில் பஸ்ஸிலிருந்து யாரை இறக்கினார்கள் என்று கேட்டால் வரும் அதே சிரிப்பு.

மாஸ்டர் இரண்டாவது விண்ணப்பத்தை இந்த மாதம் கொடுத்திருக்கிறார். வைத்தியசாலைக் கடிதம் ஒன்றை மைத்துனர் அனுப்பினார். படிவத்தில் பயண நோக்கம் என்ற இடத்தில் சுற்றுலாவை விட்டுவிட்டு, உறவினரைப் பார்த்தல் என்பதற்கு எதிரே அடையாளமிட்டிருக்கிறார். ஐந்து நாடுகள் ஒன்றாகிவிட்டன. வாடகைக் கார் இல்லை. கொப்பியின் அந்தப் பக்கத்தை அவர் கிழிக்கவில்லை. கொலோனுக்கும் பிரஸல்ஸுக்கும் இடையே வால்ஸ் என்று எழுதியதை மட்டும் பென்சிலால் அடித்திருக்கிறார்.