வினையைச் சுட்டி நகைப்பதும் வினையே



கால் ஊன்றி நடக்க இயலாதவரையோ, கண்ணொளி இழந்தவரையோ, பேச்சுத் தடுமாறுகின்றவரையோ காணும்போது நம்மவர் நாவில் எழுகின்றவை பெரும்பாலும் இரண்டு. ஒன்று, கேலி. மற்றொன்று, "எல்லாம் அவர் செய்த முன்வினை" என்னும் சொல். கேலி இழிவானது என்பதை எல்லோரும் ஒப்புக்கொள்வர். இரண்டாவதையோ நாம் இழிவாகக் கருதுவதில்லை. தத்துவம் பேசிவிட்டதாகவே எண்ணிக்கொள்கின்றோம். வினைக்கொள்கையை மிக நுணுக்கமாக வகுத்தும் தொகுத்தும் விரித்தும் உரைப்பது நம் ஜினதருமம். ஆகவே, அச்சொல்லை எடுத்தாளுமுன் அதன் பொருளை ஆராயும் கடமையும் மற்றவரினும் நமக்கே மிகுதி. அதனையே இன்று சிறிது சிந்திப்போம்.

2024ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம், சென்னை அசோக் நகர் அரசு மகளிர் மேல்நிலைப் பள்ளியில் மாணவியர்க்குச் சொற்பொழிவாற்ற ஒருவர் அழைக்கப்பட்டார். சிலர் உடற்குறையோடு பிறப்பதற்கும் வறுமையில் பிறப்பதற்கும் முற்பிறவிப் பாவமே காரணம் என்னும் கருத்தில் அவர் பேசினார். அவ்வவையிலேயே கண்பார்வையற்ற ஆசிரியர் ஒருவர் இருந்தார். அவர் எழுந்து, அப்பேச்சை மறுத்துக் கேள்வி எழுப்பினார். செய்தி பரவியது, நாடே பேசியது. செப்டம்பர் மாதம் பேச்சாளர் கைது செய்யப்பட்டார். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் கீழும் அவர்மீது வழக்குப் பதிவாயிற்று. சட்டம் தன் வழியே செல்லும். நாம் எண்ண வேண்டியது வேறொன்று. அப்பேச்சாளர் மேடையில் சொன்னதைத் திண்ணையிலும் திருமண வீட்டிலும் சொல்லுவோர் நம்மிடையே இல்லையா? அவ்வாசிரியர் எழுப்பிய வினா நம்மை நோக்கியும் எழுந்ததன்றோ?

முதலில் நூல் நெறியைப் பார்ப்போம். வினைகள் எட்டு. அவற்றுள் உடலின் அமைப்பைத் தருவது நாமகருமம். உடலின் வடிவை நம் ஆசாரியர்கள் ஆறாக வகுத்தனர். எல்லா உறுப்பும் அளவொத்த வடிவு முதலாவது. கூனல் வடிவும் குறள் வடிவும் ஒழுங்கற்ற வடிவும் அந்த ஆறனுள் அடங்குவனவே. இதுவரை எல்லோரும் அறிவர். இதற்கு அடுத்த பாடத்தைத்தான் பலர் மறந்துவிடுகின்றனர். எட்டு வினைகளும் காதி, அகாதி என இருவகைப்படும். உயிரின் இயற்கைக் குணங்களைக் கெடுப்பவை காதி வினைகள். அவற்றைக் கெடுக்காதவை அகாதி வினைகள். நாமகருமம் அகாதியைச் சேர்ந்தது. கூனிய முதுகு உடலுக்குரியது. உயிருக்குக் கூனல் இல்லை. பதின்மூன்றாம் குணத்தானமாகிய சயோககேவலி நிலை வரையில் ஆறு வடிவுகளின் உதயமும் உண்டென்று நம் வினைநூல்கள் கூறுகின்றன. கேவலஞானம் பெறுதற்கு உடலின் வடிவு தடையன்று என்பதே இதன் பொருள். முழுதுணர் ஞானத்துக்கே தடையாகாத ஒன்றை, தெருவில் நின்று நாம் எள்ளி நகையாடுவது எத்துணைப் பேதைமை!

"உடல்வடிவுக்கு இது பொருந்தும்; கண்ணும் அறிவும் குறைந்தவர்க்கு ஞானாவரணீயமும் தரிசனாவரணீயமும் அல்லவோ காரணம்? அவை காதி வினைகளாயிற்றே" என்று நூல் கற்ற அன்பர் ஒருவர் கேட்கலாம். நல்ல வினாவே. அவ்விரு வினைகளும் யாரிடத்தில் இல்லை? நம்முள் எவர் முழுதுணர்ந்தவர்? கேவலியின் ஞானத்தோடு ஒப்பிட்டால், பட்டம் பெற்றவரும் எழுத்தறியாதவரும், கண்ணுள்ளவரும் கண்ணற்றவரும் ஏறத்தாழ ஒரே இருளில் நிற்பவரே. நம்மிடையே உள்ள வேறுபாடு சிறிய அளவு வேறுபாடு. ஒரு விரற்கடை உயர்ந்து நிற்பவன் மலையடியில் நின்றுகொண்டு அடுத்தவனைக் குள்ளன் என்று சிரிப்பது போன்றதே இது.

இனி, நகைப்பவருடைய வினையை நோக்குவோம். நகைப்பும் அருவருப்பும் ஒன்பது நோகஷாயங்களுள் இரண்டு. இவை மோகனீயத்தின் பிரிவுகள். மோகனீயமோ காதி வினைகளுக்கெல்லாம் தலைமையானது. தத்துவார்த்த சூத்திரத்துக்கு உரை கண்ட பூஜ்யபாத ஆசாரியர், சர்வார்த்த சித்தியில் நகைப்பு வினை வந்து சேரும் காரணங்களைத் தொகுக்கும்போது, நல்லறத்தை நகைப்பதை அடுத்து எளியோரை நகைப்பதை வைக்கின்றார். பிறர்க்குத் துன்பமும் துயரமும் விளைவித்தல் அசாதா வேதனீயத்துக்குக் காரணம் என்று உமாசுவாமிகளின் சூத்திரமே கூறுகின்றது. ஆக, காலை இழுத்து நடக்கின்றவருடைய வினை அவர் உடலளவில் நிற்க, அவரைப் போல் நடந்து காட்டிச் சிரிப்பவனுடைய வினை அவன் உயிரின் குணத்தையே மறைக்கின்றது. இருவருள் இரங்கத்தக்கவர் யார் என்பதைக் கேட்போரே தீர்மானிக்கட்டும்.

மேலும், ஒருவருடைய குறைக்குக் காரணமான வினை இன்னதென்று அறிந்துரைக்க நாம் அவதிஞானிகள் அல்லோம். வினை பயன்தருவதற்குப் பொருள், இடம், காலம், பாவம் ஆகிய துணைக்காரணங்கள் வேண்டும் என்பது நம் நூல் துணிபு. இதற்கு இளம்பிள்ளை வாதத்தைச் சான்றாகக் காட்டலாம். நான் ஆசிரியப் பணியில் சேர்ந்த காலத்தில், வகுப்புக்கு ஒரு குழந்தையேனும் அந்நோயால் கால் சூம்பி இருக்கக் கண்டிருக்கின்றேன். 'அது பிறவிப் பயன், மாற்ற முடியாது' என்றே ஊரார் பேசினர். 1995இல் நாடு தழுவிய சொட்டு மருந்து முகாம்கள் தொடங்கின. அந்நோயின் இயற்கைக் கிருமியால் நம் நாட்டில் நேர்ந்த கடைசி நிகழ்வு 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தில் பதிவாயிற்று. 2014 மார்ச் 27 அன்று உலக நலவாழ்வு நிறுவனம் இந்தியாவைப் போலியோ அற்ற நாடென அறிவித்தது. இரண்டு சொட்டு மருந்தால் தடுக்கக்கூடிய ஒன்றைத் தனியொரு குழந்தையின் பாவக்கணக்கில் எழுதிவைத்தோமே, அது தத்துவமா? மருந்து கொண்டுசேர்க்காத சமுதாயம், தன் கடமையை மறைத்துக்கொள்ளத் தத்துவத்தைத் திரையாக்கியது என்பதே உண்மை.

நம் திருவள்ளூர், கும்மிடிப்பூண்டிப் பகுதிகளில் தொழிற்சாலைகள் பெருகியுள்ளன. இரும்பை அழுத்தி வடிக்கும் இயந்திரங்களில் வேலை செய்வோர் விரல்களை இழப்பதுண்டு. பாதுகாப்புக் கருவியைப் பொருத்தாமையும், ஓய்வின்றி வேலை வாங்குதலும் அத்தகைய விபத்துகளுக்குக் காரணமாதலை யாவரும் அறிவர். அங்கேயும் 'விதி' என்று சொல்லிக் கடந்து போவோமாயின், தவறு செய்தவர் தப்பித்துக்கொள்ள, அடிபட்டவரே குற்றவாளி ஆகின்றார். வினைக்கொள்கை, அவரவர் தம்மைத் தாமே திருத்திக்கொள்ள அருளப்பட்ட விளக்கு. அதனைப் பிறர் முகத்தில் பிடித்து, 'உன் பாவத்தைப் பார்' என்று காட்டுவதற்காக நம் கையில் தரப்படவில்லை.

நற்காட்சிக்கு எட்டு உறுப்புகள் உண்டு என்று சமந்தபத்திர ஆசாரியரின் இரத்தினகரண்டகமும், தமிழில் அருங்கலச்செப்பும் கூறுகின்றன. அவற்றுள் மூன்றாவது, உவர்ப்பின்மை. அஃதாவது அருவருப்புக் கொள்ளாமை. இதற்குச் சான்றாக நின்றவன் உத்தாயன மன்னன். அவனைச் சோதிக்க எண்ணிய தேவன் ஒருவன், தொழுநோயால் உடல் சிதைந்த முனிவர் உருவில் வந்தான்; இட்ட உணவையெல்லாம் உண்டு, அரசன் எதிரிலேயே உமிழ்ந்தான். ஏவலர் நாற்றம் தாளாது ஓடினர். அரசனும் அரசி பிரபாவதியும் ஓடவில்லை. "ஒவ்வாத உணவை இட்டுவிட்டோமே" என்று தம்மையே நொந்துகொண்டு அவ்வுடலைக் கழுவித் தூய்மை செய்தனர். நோயுற்றவருடைய வினையை அரசன் ஆராயவில்லை என்பதைக் கருதுக. தன் கடமையை மட்டுமே ஆராய்ந்தான். அதனால்தான் நற்காட்சிக்கு அவன் சான்றானான்.

நீக்கத்தக்க எண்வகைச் செருக்குகளுள் உடல்வனப்புப் பற்றிய செருக்கும் ஒன்று. சனத்குமாரச் சக்கரவர்த்தியின் பேரழகைத் தேவர்களும் காண வந்தனர் என்பர். அந்த அழகும் நிலையாது என்று உணர்ந்தே அவன் துறவு பூண்டான். சக்கரவர்த்தியின் உடலே நில்லாதபோது, எழுபது வயது கடந்த என் போன்றோரின் முழங்காலும் செவியும் எம்மாத்திரம்! நெடுநாள் வாழ்பவர் எவரும் ஏதேனும் ஓர் உறுப்பின் துணையை இழந்தே தீர்வர். இன்று நகைப்பவன் நாளைத் தானடையப் போகும் நிலையையே நகைக்கின்றான்.

நான் வாழும் திருவாலங்காடு சைவர் போற்றும் தலம். நாம் வேறு நெறியினர் ஆயினும், ஊரார் போற்றும் வரலாற்றில் நமக்கும் ஒரு பாடம் உண்டு. காரைக்கால் அம்மையார் என்பு உருவம் தாங்கி வந்தபோது, கண்டவர் அஞ்சி ஓடினர் என்கிறது பெரியபுராணம். அறிய வேண்டியவர் என்னை அறிந்தால் போதும், அறியாதார் கண்ணுக்கு நான் எவ்வுருவில் தோன்றினால் என்ன என்று அம்மையார் எண்ணினாராம். அவ்விடத்தில் அவ்வறியாதாரைச் சேக்கிழார் 'மக்கள்' என்னாது 'மாக்கள்' என்கின்றார். ஓரெழுத்தின் நீட்சியில் எத்துணைக் கடிந்துரை! அம்மையார் அவ்வுருவத்தைத் தாமே வேண்டிப் பெற்றார். மாற்றுத்திறனாளிகள் தம் நிலையை வேண்டிப் பெற்றவர் அல்லர். ஆயினும் உருவம் கண்டு வெருண்டோடும் கூட்டத்துக்கு அன்றும் இன்றும் பெயர் ஒன்றே.

சொல்லின் ஆற்றலை ஆசிரியர்கள் நன்கறிவர். வகுப்பறையில் ஒரு பிள்ளைக்கு உடற்குறையை வைத்து ஒட்டப்படும் பட்டப்பெயர், அவன் முதியவனாகும் வரை உதிர்வதில்லை. பாடத்தில் தேறியும் அப்பெயருக்கு அஞ்சிப் படிப்பை விட்ட பிள்ளைகளை ஆசிரியர் பலரும் கண்டிருப்பர். தமிழகத்தில் 2010ஆம் ஆண்டு அளவில் அரசு வழக்கில் 'ஊனமுற்றோர்' என்னும் சொல் மாறி, 'மாற்றுத்திறனாளி' என்னும் சொல் வந்தது. 2016ஆம் ஆண்டின் உரிமைச் சட்டம், பொதுமக்கள் காணும் இடத்தில் மாற்றுத்திறனாளியை இழிவுபடுத்தும் நோக்கோடு அவமதிப்போர்க்கு ஆறு மாதம் முதல் ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கின்றது. திரைப்படங்களில் இவர்களை எவ்வாறு காட்டலாகாது என்பதற்கு உச்ச நீதிமன்றம் 2024 ஜூலை 8 அன்று நெறிமுறைகள் வகுத்தது. ஆயினும், சட்டம் நாவைத்தான் கட்டும்; நெஞ்சைக் கட்டுவது அறம். 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி தமிழகத்தில் இத்தகையோர் ஏறக்குறைய 11.8 லட்சம் பேர். அவர்களுள் நம் இல்லத்துப் பிள்ளைகளும் உண்டு.

அந்த இல்லங்களைப் பற்றியும் ஒரு சொல். குறையுள்ள குழந்தையைத் திருமணத்துக்கு அழைத்துச் செல்லாது உள்ளறையில் விட்டுச் செல்லும் பெற்றோரை நாம் குறை கூறுகின்றோம். அவர்கள் குழந்தைக்காக நாணவில்லை. நம் நாவுக்கு அஞ்சுகின்றனர். "எந்தப் பிறவியில் என்ன செய்தாளோ" என்னும் ஒரு சொல், பெற்ற தாயை ஆண்டுக்கணக்கில் வீட்டுக்குள் அடைத்துவிடும். வாயாற் செய்யும் இம்சையும் இம்சையே.

ஆகவே, அன்பர்களே, மூன்று செயல்களை இன்றே மேற்கொள்வோம். முதலாவதாக, பிறர் குறையைக் குறித்து 'முன்வினை' என்று பேசுவதில்லை என ஒவ்வொரு குடும்பத்தாரும் நோன்புபோல் உறுதி ஏற்போம். வினை பற்றிப் பேச வேண்டுமாயின் தன்வினை பற்றிப் பேசுவோம். இரண்டாவதாக, நம் ஜினாலயங்களில் படிகளுக்கு அருகே ஒரு சாய்தளமும் கைப்பிடியும் அமைப்போம். சக்கர நாற்காலியில் வரும் சிராவகரும் அபிஷேகத்தை அருகிருந்து காணட்டும். கண்ணொளி அற்றவர்க்கு நூலை வாய்விட்டுப் படித்துக் காட்டுவதும் சாஸ்திர தானமே. மூன்றாவதாக, குறையுள்ள குழந்தையின் பெற்றோரை விழாவுக்கு அழைக்கும்போது, "குழந்தையையும் அழைத்து வாருங்கள்" என்று சேர்த்துச் சொல்வோம். வந்த குழந்தையை அதன் பெயரால் அழைப்போம்; வேறெந்தப் பெயரும் அதற்கு வேண்டா.

எல்லா உயிரும் குணத்தால் ஒத்தவை என்பது அருகன் அருளிய மெய்ம்மை. சமவசரணத்தில் விலங்குக்கும் பறவைக்கும் இடம் உண்டு. அத்தகைய அவையை நெஞ்சில் வைத்து வணங்கும் நாம், நம் வீட்டுக் கூடத்தில் ஒரு குழந்தைக்கு இடமில்லாமற் செய்யலாமோ? எண்ணிப் பார்ப்போமாக.

அறம் வளர்க! அகிம்சை ஓங்குக!