விருந்துண்பவன் அறம்

விருந்தோம்பலுக்கென்று தனி அதிகாரமே வகுத்தார் வள்ளுவர். விருந்தளிப்பவன் எவ்வாறு ஒழுக வேண்டும் என்பதைத் தமிழ் நூல்கள் விரிவாகவே பேசியுள்ளன. ஆனால், இலையின் முன் அமர்ந்து உண்பவனுக்கு உரிய அறம் யாது? அவனும் ஏதேனும் கடன்பட்டவனா? பணம் கொடுத்து உண்ணும் உணவகத்தில் அந்தக் கடன் விலையோடு தீர்ந்துவிடுகிறதா? பல இனத்தவரும் அருகருகே அடுப்பு மூட்டி வாழும் சிங்கப்பூரில் இவ்வினா ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. உணவு வேளைதோறும் எழக்கூடியது.

யாழ்ப்பாணத்து வழிவந்த குடும்பம் ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். படித்து முடித்து வேலைக்குச் சென்ற பேர்த்தி, தன் முதல் மாதச் சம்பளத்தில் பாட்டனாரை விருந்துக்கு அழைக்கிறாள். தாங்கள் குடியிருக்கும் வட்டாரத்தில் புதிதாகத் திறந்துள்ள போர்த்துக்கீசிய உணவகம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறாள். பாட்டனாரின் முகம் மாறுகிறது. “நல்லூர்க் கோயிலை இடித்தவர்களின் உணவையா நான் உண்பது? தேக்காவில் நம் சாப்பாட்டுக்கு என்ன பஞ்சம் வந்துவிட்டது?” என்கிறார். “அது நானூறு ஆண்டுக்கு முந்திய கதை, அப்பப்பா. இது வெறும் சாப்பாடுதானே?” என்கிறாள் பேர்த்தி. இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. இருவர் கூற்றிலும் குறையும் உண்டு.

பாட்டனாரின் சினத்திற்கு வரலாறு சான்று பகர்கிறது. 1498-இல் வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையை அடைந்தான். பதின்மூன்று ஆண்டுகளில், 1511-இல், மலாக்கா சுல்தானகம் அல்புகர்க்கின் படையிடம் வீழ்ந்தது. 1619-இல் யாழ்ப்பாண அரசும் வீழ்ந்தது. அதன் இறுதி மன்னன் சங்கிலி கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டுக் கொல்லப்பட்டான். நல்லூர்க் கந்தசுவாமி கோயிலும் தரைமட்டமாக்கப்பட்டது. இவற்றை ஓர் இனம் மறக்க வேண்டும் என்று எவரும் கட்டளையிட முடியாது. நெடுங்காலம் கடந்துவிட்டது என்பதனாலேயே கொடுமை கொடுமையல்லாமற் போய்விடுவதில்லை.

ஆயினும், “நம் சாப்பாடு” என்று பாட்டனார் சொல்வது எது? சிராங்கூன் சாலையில் 1947 முதல் நடைபெற்றுவரும் கோமள விலாசில் அவர் அமர்ந்திருப்பதாகக் கொள்வோம். அவர் விரும்பி உண்ணும் சாம்பாரில் மிளகாய் இருக்கிறது. அது அமெரிக்கக் கண்டத்தின் செடி. அதனைப் பதினாறாம் நூற்றாண்டில் இந்தியக் கரைக்குக் கொணர்ந்தவர்கள் போர்த்துக்கீசியரே. அதற்கு முன் தமிழர் சமையலுக்குக் காரம் தந்தது மிளகு. அந்த மிளகைத் தேடி வந்தவர்கள் மிளகாயைத் தந்து சென்றனர். புதிய காய்க்குப் பழைய மிளகின் பெயரையே தமிழர் சூட்டிக்கொண்டனர். அன்னாசியும் முந்திரியும் அவ்வாறு வந்தவையே. பறங்கிக்காயோ, பறங்கியரின் பெயரை இன்றளவும் தன்மேல் தாங்கி நிற்கிறது. அவர் உணவருந்தும் மேசையும், வீட்டைப் பூட்டும் சாவியும், காற்று வரும் சன்னலும் போர்த்துக்கீசிய மொழி வழங்கிய சொற்கள். ரேஸ் கோர்ஸ் சாலையில் வாழையிலையோடு புகழ்பெற்ற மீன்தலைக் கறியைச் சிங்கப்பூரில் முதன்முதல் ஆக்கியவர் எனச் சொல்லப்படுபவர், கேரளத்திலிருந்து வந்து 1949-இல் கடை திறந்த எம். ஜே. கோமஸ். அவருடைய குடிப்பெயரும் போர்த்துக்கீசியப் பெயரே. ஆக, அந்நியர் உணவை உண்ணமாட்டேன் என்னும் சூளுரையைத் தேக்காவில் அமர்ந்துகொண்டும் காப்பாற்ற இயலாது.

இனி, பேர்த்தியின் கூற்று. “வெறும் சாப்பாடு” என ஒன்று உலகில் உண்டா? போர்த்துக்கீசியர் போற்றும் உணவு, உப்பிட்டு உலர்த்திய காட் மீன். குளிர்ந்த வடகடலில் பிடித்த மீன், கெடாமல் நெடுந்தொலைவு வருவதற்குக் கண்ட வழி அது. கருவாட்டின் மணம் அறிந்த தமிழருக்கு அதன் பயன் புதிதன்று. மலாக்காவில் போர்த்துக்கீசியரும் உள்ளூர்ப் பெண்டிரும் மணந்து தோன்றிய மரபினர் சிங்கப்பூருக்கும் வந்து யுரேசியச் சமூகத்தில் ஓர் அங்கமாயினர். அவர்கள் கிறிஸ்துமஸ் விருந்தில் எஞ்சிய இறைச்சியைக் காடியும் கடுகும் மிளகாயும் சேர்த்துக் ‘கறி டெபால்’ என்று சமைப்பர். அப்பெயரின் முற்பகுதி தமிழ்ச் சொல். எஞ்சியதை வீணாக்காத இல்லத்தரசியின் சிக்கனமும், தாய்வழி வந்த மசாலையும், தந்தைவழி வந்த காடியும் ஒரே சட்டியில் கொதிக்கின்றன. அங்கே வென்றவர் உணவு, தோற்றவர் உணவு என்று பிரித்தெடுக்க எந்த அகப்பையாலும் இயலாது. இதனை அறியாது உண்டு எழுபவர் நாவுக்கு உணவளித்தவரே தவிர, விருந்துண்டவர் ஆகார்.

இவ்விரு நிலைகளையும் ஒரே தெருவில் காணலாம். கத்தோங் வட்டாரத்தில் சிலோன் சாலை என ஒரு சாலை உண்டு. இலங்கைத் தமிழர் பேணி வளர்த்த செண்பக விநாயகர் ஆலயம் அச்சாலையில் உள்ளது. 1919-இல் தோன்றிய யுரேசியர் சங்கத்தின் இல்லமும் அதே சாலையிலேயே அமைந்துள்ளது. கோயில் இழந்தவர்களின் வழிவந்தோரும், அதை இடித்தவர்களின் இனத்தோடு குருதித் தொடர்புடையோரும் ஒரே சாலையில் அண்டை அயலாராய் வாழ்ந்துவருகின்றனர். மூதாதையரின் குற்றத்தை இன்று அடுப்படியில் நிற்பவர்மேல் சுமத்துவது நீதியன்று. அதே வேளையில், அண்டை வீட்டாரோடு இணங்கி வாழ்வதற்கு வரலாற்றை அழித்தாக வேண்டும் என்பதும் தேவையன்று.

அங்ஙனமாயின், விருந்துண்பவன் அறம் எது? விலை, உணவகத்தாரின் கணக்கைத் தீர்க்கும். சமைத்த கையின் உழைப்புக்கு ஒருவாறு ஈடாகும். அவ்வுணவு கடந்துவந்த வழிக்கு அது ஈடாகாது. பிறர் உணவைத் தன் நாவின் பழக்கம் ஒன்றைக்கொண்டே குறை கூறாதிருத்தல், அது யாருடைய உழைப்பால், எவருடைய துன்பத்தின் ஊடாக வந்தது எனக் கேட்டறிதல், அறிந்ததை அடுத்த தலைமுறைக்குச் சொல்லுதல் ஆகிய மூன்றுமே உண்பவன் செலுத்த வேண்டிய கடன்.

பாட்டனார் போகட்டும், பேர்த்தியோடு அந்த உணவகத்தில் அமரட்டும். நல்லூரின் கதையைக் குரல் தாழ்த்தாமல் அவளுக்குச் சொல்லட்டும். மிளகாயின் கதையை அவள் அவருக்குச் சொல்லட்டும். நினைவை வீட்டில் பூட்டிவைத்துவிட்டு உண்பது மறதி. நினைவின் பொருட்டே உணவை ஒதுக்குவது பகை. இவ்விரண்டுக்கும் இடையில் நினைவோடு உண்பது என ஒரு வழி உண்டு. பல்லினத்தார் வாழும் நாட்டில் தமிழ் மாணவர் கற்க வேண்டிய அறங்களுள் அதுவும் ஒன்று.