பனி சொன்ன சாட்சி

எவரும் பார்க்கவில்லை என்பதால் குற்றம் குற்றமில்லாமல் போய்விடுமா?

மனித வாடை குறைந்த கிரீன்லாந்தில் ஆண்டுதோறும் பெய்த பனி ஏடு ஏடாக அடுக்கிக் கிடக்கிறது. கிளேர் பாட்டர்சன் என்ற விஞ்ஞானி அதை வெட்டியெடுத்து ஆராய்ந்து, 1969-இல் தம் கூட்டாளிகளுடன் முடிவை வெளியிட்டார். மிகப் பழைய ஏட்டைவிடப் புதிய ஏட்டில் காரீயம் 200 மடங்குக்கும் மேல்! 1940-க்குப் பின் அது விறுவிறுவென ஏறியதற்குக் காரணம், பெட்ரோலில் கலந்த காரீயம். குழந்தைகளின் அறிவை மழுக்கும் நஞ்சு அது.

வண்டி ஓட்டிய எவரும் குழந்தைக்கு விஷம் வைக்க நினைத்தவரல்லர். கல்லூரி நாளில் ஸ்கூட்டரில் சுற்றித் திரிந்த நானும் நினைக்கவில்லை. அறியாமல் செய்ததை மன்னிக்கலாம். ஆனால், அந்தப் பெட்ரோல் உலகச் சாலைகளை விட்டு ஒழிந்தது 2021-இல்தான். அறிந்த பிறகும் கழிந்த அத்தனை ஆண்டுகளுக்கு என்ன சமாதானம் சொல்வது?

பனிக்குச் சமாதானம் கேட்கத் தெரியாது. கணக்கு எழுதத்தான் தெரியும்.