இழைக்குச் சான்று, கைக்கு?

கர்நாடகத்து ராமாபுரத்தில் கல்யாணம் என்றால், பட்டெடுக்கக் கொள்ளேகாலம் பக்கத்திலேயே இருக்கிறது. புடவையைப் புரட்டுகிறவர் தேடுவது சில்க் மார்க் சீட்டை. மத்தியப் பட்டு வாரியத்தின் முயற்சியில் 2004-இல் வந்த அந்த முத்திரை, இழை கலப்படமில்லாத பட்டு என்று உறுதி சொல்கிறது. ‘அகிம்சைப் பட்டு’ என்ற சீட்டோ, கூட்டுக்குள் புழுவைக் கொல்லவில்லை என்கிறது. நூல் எடுத்த கையைப் பற்றி இரண்டும் பேசுவதில்லை.

நூற்புக் கூடத்தில் வெந்நீர்த் தொட்டியில் கூடுகள் மிதக்கும். தலைமயிரைவிட மெல்லிய இழையின் நுனியை விரலால் தேடிப் பிடிக்க வேண்டும். நாளெல்லாம் ஊறிய விரல்கள் வெளுத்து வெடித்துவிடும். கர்நாடகம் உட்பட இந்தியப் பட்டுத் தொழிலில் இப்படிக் கொத்தடிமையாக உழைத்த குழந்தைகளைப் பற்றி ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் 2003-இல் அறிக்கை வெளியிட்டது. அந்த விரல்கள் எடுத்த நூலும் கலப்படமற்ற பட்டுதான்.

ஆகவே ஒரு முத்திரையை எடைபோட மூன்று கேள்விகள் வேண்டும். எதைச் சோதிக்கவில்லை என்பதையும் சீட்டு சொல்கிறதா? சோதனை களத்தில் நடந்ததா, தாளில் மட்டுமா? 2020-இல் இந்தியாவில் சுமார் 20,000 டன் பருத்தி போலிச் சான்றோடு இயற்கைப் பருத்தியாகப் போனதை, இயற்கை இழைத் துணிகளுக்குத் தரம் வகுக்கும் ஜிஓடிஎஸ் அமைப்பே கண்டறிந்தது. மூன்றாவது, தவறு தெரிந்தபின் தொழிலாளிக்கு என்ன கிடைக்கிறது? முத்திரையைப் பறித்துவிட்டால் கடமை முடிந்ததென்றால், குழந்தை அடுத்த பட்டறைக்குப் போய்விடும். 1994-இல் தொடங்கிய ரக்மார்க் கம்பள முத்திரை, மீட்ட குழந்தைகளின் படிப்புக்கும் பொறுப்பேற்றது.

விதிகள் கடுமையானால் சிறு நூற்பாளர் பிழைக்க முடியாது என்பார்கள். நியாயமான அச்சம்தான். பெரிய ஆலைக்குச் சிறு செலவாக இருப்பது, நான்கு தொட்டி வைத்திருப்பவருக்கு வருடச் சம்பாத்தியம். அதனால் எல்லா விதியையும் ஒரே நாளில் சுமத்துவது அறமாகாது. கழிவுநீரைச் சுத்திகரிக்கவும் விறகைக் குறைக்கவும் தவணை கொடுக்கலாம். குழந்தையின் கைக்குத் தவணை கிடையாது. சோதனைச் செலவையும் நூற்பாளர் தலையில் கட்டாமல், முத்திரையால் கூடுதல் விலை பெறும் கடைக்காரரும் அதைக் கொடுக்கும் நாமும் ஏற்க வேண்டும். கல்யாணப் புடவைக்கு ஆயிரக்கணக்கில் எண்ணிக் கொடுப்பவருக்கு, அதோடு இன்னும் கொஞ்சம் சேர்ப்பது பாரமில்லை.