காய்கறிப் பாத்தியும் கொல்லாமையும்

மண்ணைக் கொத்தினால் அதில் வாழும் உயிர்கள் சாகும். பௌத்த விநய விதிகள் துறவி நிலத்தைத் தோண்டுவதையே தடுக்கின்றன. மனுதர்மமும் உழவைப் பழிக்கிறது. திருக்குறளோ கொல்லாமைக்கும் உழவுக்கும் தனித்தனி அதிகாரம் வகுத்து இரண்டையும் உயர்த்துகிறது. சமணம் இல்லறத்தாருக்கு ஒரு வழி வைத்திருக்கிறது: நினைத்துச் செய்யும் கொலை கூடாது, அன்றாட வேலைகளில் நேரும் உயிரிழப்பைக் கூடியவரை குறைக்க வேண்டும்.

டெக்சாஸின் ரவுண்ட் ராக்கில் கொல்லைப்புறத்தில் வெண்டையும் கத்தரியும் போட நினைக்கும் சைவக் குடும்பத்துக்குக் கொலையில் தனக்குப் பங்கு உண்டா என்ற கேள்வி உரமூட்டையிலேயே எழுந்துவிடுகிறது. இயற்கை உரம் என்று விற்கும் பல பைகளில் எலும்புத்தூளும் ரத்தத்தூளும் உண்டு. இரண்டும் இறைச்சிக்கூடத்தில் மிஞ்சியவை. மண்ணின் நுண்ணுயிர்கள் அவற்றைச் சிதைத்து உப்புகளாக்கிய பிறகே வேர் எடுத்துக்கொள்கிறது. ஆகவே காய் அசைவமாகிவிடாது. ஆனால் அந்தப் பையை வாங்குகிறவர் அக்கேள்வியை அப்படித் தள்ளிவிட முடியாது.

இந்த ஊர் மண் அந்தச் சங்கடத்தைப் பெரிதும் குறைக்கிறது. 35ஆம் எண் நெடுஞ்சாலைக்கு மேற்கே சுண்ணாம்புப் பாறைமேல் மெல்லிய மண். கிழக்கே கோடையில் வெடிப்பு விடும் கரிசல். இரண்டும் பெரும்பாலும் கார மண், பி.எச். 8-ஐ ஒட்டியது. அதில் எலும்புத்தூளின் மணிச்சத்து கரைவதே அரிது. சாம்பலும் முட்டை ஓடும்கூட இங்கே வேண்டாதவை. மக்கிய இலைதழையும், தழைச்சத்துக்குப் பருத்திக்கொட்டைத் தூளும் போதும்.

உண்பவருக்குத் தீங்கு நேராமல் காப்பதும் அகிம்சைதான். அமெரிக்காவில் 1978-இல் ஈயம் கலந்த வீட்டுப் பெயின்ட் தடைசெய்யப்பட்டது. அதற்கு முந்திய வீடுகளின் சுவரோர மண்ணில் ஈயம் தங்கியிருக்கக்கூடும். சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2024-இல் வீட்டு மண்ணுக்கான ஈய எச்சரிக்கை வரம்பைக் கிலோவுக்கு 400 மில்லிகிராமிலிருந்து 200-ஆகக் குறைத்தது. காயைவிடக் கீரையிலும் கிழங்கிலும் ஒட்டும் மண்ணும், குழந்தை வாயில் வைக்கும் விரலுமே பெரிய ஆபத்து. வழக்கமான மண் பரிசோதனையில் ஈயம் சேராது. தனியே கேட்க வேண்டும்.

கொல்லாமைக்கு மண்ணை வெயிலில் வேகவைப்பதுதான் கடினமான இடம். ஜூலை, ஆகஸ்டில் ஈர மண்மேல் ஒளி புகும் பிளாஸ்டிக்கை விரித்து 4 முதல் 6 வாரம் மூடினால் நூற்புழு, பூஞ்சை, களைவிதை மடியும். இது நினைத்துச் செய்யும் கொலை. வேரில் முடிச்சு கண்ட பாத்திக்கு மட்டுமே நியாயமாகும். தக்காளி நாற்றின் சீட்டில் ‘என்’ என்ற ஆங்கில எழுத்து இருந்தால் அது வேர்முடிச்சு நூற்புழுவைத் தாங்கும் ரகம். அதை நட்டால் பல பாத்திகளில் மூடவேண்டிய தேவையே வராது.