மார்க் யாருடைய சொத்து?

கண்டியிலிருந்து மகியங்கனைக்குப் போகும் வீதியில், மீமுறைக்குத் திரும்பும் இடம் ஹுன்னஸ்கிரிய. நக்கிள்ஸ் மலைச் சரிவுகளில் மண்ணைக் கொத்திப் பிழைப்பவர்களுக்கு மம்பட்டியும் தேயிலைக் கவ்வாத்துக் கத்தியும் கைக்கு அடுத்த உறுப்புகள். கடையில் அவற்றை வாங்குபவர் மார்க்கைத்தான் பார்க்கிறார். பார்ப்பதற்கு வேறொன்றும் இல்லை. இரும்பில் கரி எவ்வளவு, பழுக்கக் காய்ச்சித் தோய்த்தார்களா, தோய்த்ததை மறுபடி இளஞ்சூட்டில் பதப்படுத்தினார்களா என்பதெல்லாம் கண்ணுக்குத் தெரியாது. தோய்க்காத இரும்பு கடினமான வேரில் பட்டால் வாய் மடங்கும். தோய்த்தும் பதப்படுத்தாதது கல்லில் பட்டால் சில்லாகத் தெறிக்கும். கடைச் சுவரில் தொங்கும்போது எல்லாமே ஒரே பளபளப்பு.

இப்படி நம்பி வாங்கப்படும் ஒரு மார்க்கை அதன் சொந்தக்காரர் வெளிநாட்டுக் கம்பனிக்கு விற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். புதியவர் அதே பெயரில், அதே வர்ணத்தில், மட்டமான இரும்பை விற்கத் தொடங்குகிறார். இது வெறும் வியாபாரமா, அநியாயமா?

முதலில் எழும் கோபம் அந்நியன் மீதுதான். அந்தக் கோபத்தை அப்படியே நம்பிவிடக் கூடாது. ‘மண்வெட்டி’ என்ற தமிழ்ச் சொல்லே இலங்கை ஆங்கிலத்தில் ‘மமோட்டி’ ஆனது. அந்தக் கருவியையே பிரித்தானியத் தொழிற்சாலைகள் அடித்து இந்த மலைத் தோட்டங்களுக்கு அனுப்பின. அதற்கு முன் இந்தத் தீவிலேயே உருக்கு செய்தார்கள். சமனலவெவப் பகுதியில் பருவக்காற்றின் வேகத்தையே துருத்தியாகக் கொண்டு இயங்கிய பழைய உலைகளைப் பற்றிய ஆய்வு 1996இல் வெளிவந்தது. கண்டி நாட்டுக் கைவினைஞர்களைப் பற்றி 1908இல் பெரும் நூல் எழுதிய ஆனந்த குமாரசுவாமி, இறக்குமதிச் சரக்கின் முன் உள்ளூர்த் தொழில்கள் நலிவதைக் கண்டு வருந்தினார். எனவே ‘நம்முடைய மார்க்’ என்று எதைச் சொல்கிறோம் என்பதே யோசித்துச் சொல்ல வேண்டிய ஒன்று.

அந்நியர் வாங்கினால் தரம் கெடும் என்பதும் விதியல்ல. 2020இல் தமிழ்நாட்டின் டி.வி.எஸ். மோட்டார் கம்பனி பிரித்தானியாவின் பழம்பெரும் நார்ட்டன் மோட்டார் சைக்கிள் மார்க்கை வாங்கியது. முந்தைய நிர்வாகத்தின் காலத்தில் வந்த வண்டிகளில் பாதுகாப்புக் குறைகள் இருந்தன. அவற்றைத் திருத்தி, புதிய தொழிற்சாலையில் வண்டியை மறுபடி வடிவமைத்தது வெளியிலிருந்து வந்தவர்தான். தமிழர்கள் அதைப் பெருமையாகப் பேசினார்கள். நாம் வாங்கும்போது பெருமை, பிறர் வாங்கும்போது துரோகம் என்றால் அது நீதியாகாது.

இலங்கையிலும் உதாரணம் உண்டு. அரசுக் கூட்டுத்தாபனத்தின் கையில் இருந்த புத்தளம் சீமெந்து ஆலை தனியார்மயமாகி, 1990களில் சுவிட்சர்லாந்துக் கம்பனியிடமும் 2016இல் தாய்லாந்தின் சியாம் சிட்டி சீமெந்திடமும் போனது. பையில் உள்ள ‘சங்ஸ்தா’ என்ற பெயருக்குச் சிங்களத்தில் கூட்டுத்தாபனம் என்றே பொருள். சொந்தக்காரர் மாறியும் பெயர் நின்றது. அங்கே வாங்குபவருக்கு ஒரு துணையும் இருந்தது. சீமெந்துப் பையில் இலங்கைத் தரத்தைக் குறிக்கும் எஸ்.எல்.எஸ். முத்திரையைத் தேடும் பழக்கம் அவருக்கு உண்டு. மம்பட்டி வாங்கும்போது அந்த முத்திரையைக் கேட்பவர் அரிது. இங்கே மார்க் ஒன்றே சாட்சி.

எதிர்மாறான உதாரணமும் உண்டு. இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரத்தில் 1828இல் தொடங்கிய மார்பிள்ஸ் உளியும், அதே ஊரில் பிறந்த ரெக்கார்ட் இடுக்கிப் பிடியும் தலைமுறைகளாகத் தச்சர்கள் நம்பியவை. அவை 1998இல் அமெரிக்கக் கம்பனி ஒன்றிடம் போய், பிறகும் கைமாறின. பெயர்கள் வாழ்ந்தன, உற்பத்தி ஷெபீல்டை விட்டுப் பெயர்ந்தது. இன்றும் பல தச்சர்கள் புதியதை விட்டுவிட்டு, பழைய பொருள் சந்தையில் பழைய மார்பிள்ஸ் உளியைத் தேடுகிறார்கள். பெயர் ஓரிடத்திலும் அதன் மீதிருந்த நம்பிக்கை இன்னோரிடத்திலும் நிற்பதை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது.

வாங்கிய கம்பனிக்கும் வாதம் உண்டு. காசு கொடுத்து வாங்கிய பெயரை எப்படியும் பயன்படுத்தலாம். மலிவான கருவி ஏழைக்கு உதவி. பிடிக்காதவர் வேறு வாங்கட்டும் என்பதே அது. மலிவான கருவி தேவைதான். வருடத்தில் நாலு நாள் வீட்டுத்தோட்டத்தைக் கொத்துபவருக்கு அதுவே போதும். அதை மலிவானது என்று சொல்லி, வேறு பெயரில் விற்பதில் தவறே இல்லை. பழைய பெயரை ஒட்டுவது எதற்காக? வாங்குபவர் பழைய தரம் என்று நினைக்க வேண்டும் என்பதற்காக. அந்த நினைப்பு பொய் என்று விற்பவருக்குத் தெரியும். அதிலிருந்து வரும் இலாபம் ஏமாற்றின் இலாபம்.

பிடிக்காதவர் விட்டுவிடலாம் என்பதும் பாதி உண்மையே. தேயிலைச் செடியைச் சில வருடங்களுக்கு ஒருமுறை கவ்வாத்து வெட்டும்போது வெட்டு ஒரே வீச்சில் சுத்தமாக விழ வேண்டும். மழுங்கிய கத்தி கிளையைப் பிளக்கும். பிளந்த இடத்தில் பூஞ்சணம் ஏறித் தண்டு உளுத்துப்போகும். அந்த நஷ்டம் தெரியவரும்போது கத்திக்குக் கொடுத்த காசும் போய்விட்டது, செடியும் போய்விட்டது. 2024இல்தான் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. அத்தகைய சம்பளத்தில் ஒரு கருவியைப் பரிசோதித்துப் பார்த்து எறிந்துவிட முடியாது. சந்தை தானே திருத்திக்கொள்ளும் என்று சொல்பவர்கள், அந்தத் திருத்தத்தின் செலவு யார் தலையில் விழுகிறது என்பதையும் சொல்ல வேண்டும்.

மார்க்கைப் பதிவுசெய்தவர் கம்பனிக்காரர். அதற்கு மதிப்பு ஏற்றியவர்கள், ‘இந்த மார்க்கையே வாங்கு’ என்று மகனுக்கும் அயலவருக்கும் சொன்ன ஆயிரக்கணக்கான உழைப்பாளிகள். விற்பனைப் பத்திரத்தில் அவர்கள் கையெழுத்து இல்லை. ஆலையையும் வர்ணத்தையும் எழுத்தையும் விற்க உரிமை உண்டு. அவர்கள் வைத்த நம்பிக்கையை அவர்களுக்கே எதிராகத் திருப்ப எவருக்கும் உரிமை இல்லை.

ஆகவே கடமை மூவருக்கு. விற்கும் சொந்தக்காரர் நல்ல விலையோடு மனநிறைவு கொள்ளாமல், தரம் குறைந்தால் பெயரை நீக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்தில் எழுத வேண்டும். வாங்கும் கம்பனி, இரும்போ செய்முறையோ செய்யும் நாடோ மாறினால் அதைத் தமிழிலும் சிங்களத்திலும் கருவியின் மீதே பொறிக்க வேண்டும். அரசு, சீமெந்துப் பைக்குக் கொடுத்த கவனத்தை மம்பட்டிக்கும் கொடுக்க வேண்டும். ஹுன்னஸ்கிரியச் சந்தியில் கத்தி வாங்குபவர் தள்ளுபடியோ தயவோ கேட்கவில்லை. கையில் எடுப்பது என்ன இரும்பு என்று தெரிந்து எடுக்க வேண்டும் என்கிறார். அதை மறைத்துப் பெறும் பணத்துக்கு எந்த நாட்டுச் சட்டம் இடம் கொடுத்தாலும் அறம் இடம் கொடுக்காது.