செம்பிற் களிம்பும் காசு காக்குந் தொழிலும்

சைவ சித்தாந்த நூல்களைப் பயில்வார் முதற்கண் கேட்கும் உவமைகளுள் ஒன்று செம்பிற் களிம்பு. நெல்லுக்கு உமியும் செம்புக்குக் களிம்பும் எவ்வாறோ, அவ்வாறே ஆன்மாவுக்கு ஆணவ மலம் அநாதியே உடனாய் நிற்பது என ஆசிரியன்மார் அருளிச்செய்வர். இவ்வுவமையின்மேல் இரசாயன நூல் கற்ற அன்பர் ஒருவர் எம்மிடம் ஒரு தடை நிகழ்த்தினார். "களிம்பு செம்புடன் பிறந்ததன்று, காற்றும் ஈரமும் உப்பும் கூடியவழிப் பின்னர் வந்து பற்றுவது. உருக்கி அடித்த புதுக்காசிற் களிம்பு யாண்டுளது? உவமை இங்ஙனமாயின் ஆணவமும் இடையில் வந்ததே. இடையில் வந்தது முத்தி பெற்ற உயிரையும் மீளப் பற்றும் அன்றோ?" என்பது அவர் கடா. தடை சிறிதன்று. காரணமின்றி வந்து பற்றும் மலம் ஒன்று உண்டெனின், வீடுபேற்றுக்கு உறுதியே இல்லையாய் முடியும்.

விடை காணப் புகுமுன், பழங்காசுகளைப் பேணிக் காக்கும் வல்லுநர் செய்வது யாதென்று அறிதல் வேண்டும். மண்ணிற் புதைந்து கிடந்த செப்புக்காசு ஒன்றனை எடுத்துக்கொள்க. உலோகத்தை ஒட்டிச் செந்நிறப் படலம் ஒன்றும், அதன்மேற் பசுமைப் படலம் ஒன்றும் படிந்திருக்கும். இவை இறுகி அடைந்துவிடின் காசுக்குக் கேடு செய்வன அல்ல. உள்ளிருக்கும் செம்பைக் காப்பன. எழுத்தும் உருவும் பெரும்பாலும் அப்படலத்திலேயே நிலைபெற்றிருக்கும். கேடு வேறொன்றாற் போதரும். மண்ணின் உப்பு உள்ளே புகுந்து செம்போடு கூடி, வெளிறிய மெழுகு போன்ற குளோரைடு என்னும் பொருளாய் அப்படலத்தின் அடியில் ஒளிந்திருக்கும். உலர்ந்துழி அது வாளா கிடக்கும், காண்பார்க்கும் புலனாகாது. ஈரமும் காற்றும் எய்தியபொழுதோ இளம்பச்சைப் பொடியாய் வெடித்தெழும். அவ்வழிப் பிறக்கும் அமிலம் மேலும் செம்பைத் தின்னும். தின்றதனால் மேலும் அதுவே விளையும். இதனை வெண்கல நோய் என வல்லுநர் வழங்குவர்.

இந்நோய்க்கு மருந்து தேய்த்தல் அன்று. வல்லுநர் முதற்கண் காசைத் தொடாது நோக்குவர், நிறுப்பர், படம் பிடிப்பர், நுண்பெருக்கிக் கண்ணாடியின்கீழ் வைத்து எது காப்பது, எது கெடுப்பது எனப் பிரித்தறிவர். மண்ணை வாலையில் வடித்த நீரில் ஊறவிட்டு மெல்ல நெகிழ்த்துவர். மெல்லிய பி.வி.சி. உறைகளிலிருந்து கசிந்த பசை படிந்திருப்பின் அசிட்டோன் கொண்டு கரைப்பர். அது பசையைக் கரைக்குமேயன்றி உலோகத்தைத் தீண்டாது. குளோரைடு உள்ள காசைச் சோடாக் கார நீரில் வாரக்கணக்காக, நீரை மாற்றி மாற்றி, ஊறவைப்பதுண்டு. 1967-இல் மேட்சன் என்பார் பென்சோடிரையசோல் என்னும் பொருளை இதற்குப் பயன்படுத்தும் முறையை வெளியிட்ட பின்னர் அதுவே பெரிதும் கையாளப்படுகின்றது. இது செம்போடு பிணைந்து ஒரு மென்படலமாய் நின்று குளோரைட்டின் செயலை அடக்குவது. நந்தமிழ்நாட்டிலும் இத்தொழில் புதிதன்று. சென்னை எழும்பூர் அரசினர் அருங்காட்சியகத்தில் 1930-இலேயே இதற்கென இரசாயனக்கூடம் அமைந்தது. ஆண்டுப் பரமசிவன் என்னும் அறிஞர் செப்புத் திருமேனிகளின் நோயை மின்பகுப்பு முறையால் தீர்த்தனர்.

இனி, தடைக்கு விடை. உவமை ஏகதேசம் என்பது தருக்கம் அறிந்தார்க்கு ஒப்ப முடிந்தது. ஆயினும் அதனோடு அமையாமல், அவ்வன்பர் கற்ற நூலினின்றே ஒன்று காட்டுவாம். செம்பு நிலத்தில் தனிச்செம்பாய்க் கிடைப்பது அரிது. பெரும்பாலும் கந்தகத்தோடும் பிறவற்றோடும் பிணிப்புண்ட தாதுவாகவே கிடைக்கும். அவற்றுள் மாலகைட்டு என்னும் பசுங்கல்லும், பழங்காசின்மேற் படியும் பச்சையும் ஒரே பொருள். ஆகவே செம்பு செம்பாய் விளங்குமுன்னரே களிம்புற்று நின்றது. உலையில் தீயே அதனைப் பிரித்தது. புதுக்காசிற் களிம்பு யாண்டுளது என்றார்க்கு, அக்காசு யாண்டிருந்து வந்தது என்று யாம் வினவுவேம். பொன்னோ பெரும்பாலும் தனித்தே கிடைக்கும். மண்ணிற் கிடந்தாலும் களிம்பு அதனைப் பற்றாது. இயல்பாகவே பாசங்களின் நீங்கி நிற்கும் முதல்வனுக்கு அதனை ஒருவாறு உவமை கூறினும் இழுக்காது.

காப்பதும் கெடுப்பதுமாகிய இரண்டும் ஒருங்கே பசுமையாய்த் தோன்றுதலை நோக்குக. மாயையும் ஆணவமும் ஒருங்கே மலம் எனப் பெயர் பெறினும், மாயாகாரியமாகிய தநுகரணங்கள் விடியுங்காறும் விளக்குப்போல் உயிர்க்கு உதவுவன. அதனை அறியாது பசுமையெல்லாம் பகை என்று உரைத்துத் தேய்ப்பவன் களிம்போடு காசின் முகத்தையும் இழப்பான். காசு தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளவும் மாட்டாது. இதனை விரிப்பிற் பெருகும்.

வல்லுநரை வினவின் மற்றொன்றும் கூறுவர்: குளோரைடு முழுதும் ஒழிந்தது என்று யாரும் உறுதி சொல்லார், அதன் ஆற்றல் அடங்கியது என்றே சொல்வர். நம்மவர் முத்தியில் ஆணவம் அழிவதன்று, அதன் சத்தி மடங்கும் என்று கூறியதும் இதுவே. அதனாலன்றோ மருந்திட்ட காசை வெறிதே விடாமல், ஈரம் நாற்பது விழுக்காட்டிற்குக் குறைந்த உலர்ந்த பேழையில் வைக்கின்றனர்! சிவஞானபோதப் பன்னிரண்டாஞ் சூத்திரம், மலங் கழுவிய பின்னரும் அடியாரொடு கூடுக, திருவேடத்தையும் திருக்கோயிலையும் சிவனெனவே தொழுக என விதித்தது. மலம் நீங்கினார்க்கு இது எற்றுக்கு என்று மயங்குவார் பலர். வாசனை மீளத் தாக்காமைப் பொருட்டு என்க. மீளப் பற்றும் அன்றோ என்ற கடாவுக்கும் இதுவே விடை. பேழை மனிதன் செய்தது; திறந்துவிடின் ஈரம் புகும். திருவருளாகிய பேழையோ உயிரை விட்டு ஒருகாலும் நீங்குவதன்று. உயிர் அதனை மறவாது நிற்றலே வேண்டுவது. சித்தியார் பதினோராஞ் சூத்திரத்தில், செம்பின் களங்கத்தை அறுக்கும் இரதகுளிகை தானே பொன்னாய்விடுவதில்லை என்று வரைந்ததனையும் இங்கு நினைக்க. மருந்து காசாகாது; காசும் மருந்தாகாது.

மடாலயங்களில் உள்ளார்க்கு ஒன்று விண்ணப்பம். கருவூலங்களிற் பழங்காசுகளும் அறக்கட்டளைச் செப்பேடுகளும் இருத்தல் கூடும். திருவிழா அணுகியவுடன் பூசைப் பாத்திரங்களோடு அவற்றையும் புளியும் சாம்பலும் இட்டுத் துலக்கும் வழக்கத்தைச் சிலவிடத்துக் கண்டோம், இடம் கூறோம். பாத்திரத்திற்கு அது தகும். முதலாம் இராசராசன் (985–1014) செப்புக்காசில் நின்ற உருவும், மறுபுறம் இருந்த உருவும், அதனருகே நாகர எழுத்திற் பெயரும் உள்ளன. புளியின் அமிலம் பசுமையைக் கரைத்துச் சாம்பல் தேய்க்குமிடத்து முதலில் அழிவது அப்பெயரே. காசு தொகுப்போரும் தேய்த்த காசைக் குறையுற்றதாகவே மதிப்பர். செப்பேடாயின் இழப்பது எழுத்து மட்டுமன்று. அறத்தின் சான்றும் போம்.

எல்லாக் காசுக்கும் வல்லுநர் வேண்டும் என்பதில்லை. இறுகிய பச்சை உடையது அவ்வாறே இருக்கலாம். நகத்தால் தொட இளம்பச்சைப் பொடி உதிரும் காசையே அவரிடம் அனுப்புக. அதுவரை விளிம்பிற் பிடித்தெடுத்து, பி.வி.சி. உறை நீக்கி, அமிலமற்ற தாளிற் சுற்றி, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா மணிகளோடு மூடிய கலத்துள் வைக்க. நீரிற் கழுவுதலும் எண்ணெய் தடவுதலும் வேண்டா.